ஒன்பதாம் ஜென்னும் எதிர்க்கடை மச்சினனும்

பழைய லாப்டாப் விற்பதும் மாட்டுத் தரகும் ஒன்றுதான். பல்லைப் பிடித்துப் பார்க்க மட்டும் வழியில்லை. கீழே நான் சொல்வதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தாலும் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் என் கடைப் பலகை என் தலையிலேயே விழட்டும். சத்தியம், சத்தியம்!

பெரிய கம்பெனி மேனேஜர்கள் மூன்று வருஷம் தட்டிவிட்டுக் கழித்துப்போடுகிற, நோட்டுப் புத்தகம் போல ஒல்லியான லாப்டாப்தான் எங்கள் சரக்கு. ஒரே மாடல், வருஷத்துக்கு ஒரு ஜென், அதாவது ஒரு தலைமுறை என்று வரும். என் கடையில் ஒன்பதாம் ஜென். எதிர்க்கடையில் பத்தாம் ஜென். எதிர்க்கடைக்காரன் முருகேசன் என் சம்சாரத்தின் கூடப்பிறந்த தம்பி. ஒன்பதா பத்தா என்று கடை கடையாக ஏறி இறங்கி நொந்தவர்களே, உங்கள் துன்பம் கடையோடு போயிற்று. எனக்கு வீட்டுக்குள்ளேயே வந்தது. திருச்சுழியில் கட்டிக்கொடுத்த என் மகள் பொன்மலருக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கிடைத்தது. ஏதோ சென்னைக் கம்பெனிக்கு ஆஸ்பத்திரி பில் சரிபார்க்க வேண்டும். லாப்டாப் அவளுடையதாக இருக்க வேண்டும், மெமரி பதினாறு ஜிபிக்குக் குறையக் கூடாது, வருகிற திங்கட்கிழமைக்குள் ரெடியாக வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. "நம்ம கடைலயே எடுத்துக்க தாயி" என்றேன். போனில் அவள் சொன்னாள்: "இருங்கப்பா, முருகேசன் மாமாட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

எடையில்லாத சரக்கு

மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு பருத்தி வியாபாரி துணைக்கு ஓர் ஆளோடு வந்தார். ஒன்பதாம் ஜென்னை உள்ளங்கையில் வைத்து, பருத்தி மாதிரி ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஒரு கிலோ சொச்சந்தான், கையில இருக்கதே தெரியாது" என்று பெருமையடித்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன்யா, எடை கொறஞ்ச மூட்டைக்கு எந்த ஊர்ல கூட வெல குடுக்காக?"

நேரே எதிர்க்கடைக்குப் போனார். முருகேசன் வாதாடவே இல்லை. மேஜைக்கு அடியில் கிடந்த, அம்மிக்கல் மாதிரி ஒரு பழைய லாப்டாப்பை எடுத்து அவர் மடியில் வைத்தான். அஞ்சு நிமிஷத்தில் வியாபாரம் முடிந்தது. இரண்டு கையாலும் அதைச் சுமந்துகொண்டு என் கடையைத் தாண்டும்போது, கூட வந்தவரிடம் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "இவுககிட்டத்தான்யா கனமான சரக்கு இருக்கு."

பாவு காய்ந்த விதம்

பத்தாம் ஜென்னில் வேகம் கூடுதல். வேகத்தோடு சூடும் கூடுதல், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் அதையே கொஞ்சம் சூடாக்கிச் சொன்னேன், அவ்வளவுதான்.

விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்து, எதை வாங்கலாம் என்று கேட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "பத்தாம் ஜென்னா? போன வாரம் ஒரு தறிக்கூடத்துல கணக்கப்பிள்ளை அதைத் தெரியாத்தனமா தறியில ஏத்துற ஈர நூல்பாவுக்குப் பக்கத்துல வச்சிட்டாரு. அரை மணி நேரத்துல பாவுல போட்ட கஞ்சி மொறுமொறுன்னு காஞ்சிருச்சு. பல்லி ரெண்டு சுவரை விட்டு எறங்கி ஓடிருச்சு" என்றேன். அவர் பயந்து போய் என்னிடம் ஒன்பதை வாங்குவார் என்று பில் புத்தகத்தைக்கூடத் திறந்துவிட்டேன். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப அடைமழைக்கு ரெண்டு வேணுமே! எந்தக் கடைல விக்கிறாக?"

ஏசிக்குள் ஒரு டீ

பொறுக்க முடியாமல், சார்ஜர் ஒயர் கேட்கிற சாக்கில் ஒருநாள் அவன் கடைக்கே போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, உட்காரச் சுழல் நாற்காலி. என் கடையில் இருப்பது ஃபேன் ஒன்று. அதுவும் வாடிக்கையாளர் பக்கம் திரும்ப மறுக்கும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பத்தாம் ஜென்னின் திரை அத்தனை அழகு. தொட்டதும் திறந்தது. வயிறு எரிந்த எரிச்சலில் ஏசி எனக்கு மட்டும் வேலை செய்யவில்லை.

மேஜையில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தான். "நம்ம பொன்மலருக்கு, அத்தான்" என்றான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மெமரி எட்டு ஜிபி. இந்த ஒல்லி மாடலில் மெமரி போர்டோடு ஒட்டியே வரும். பிறகு கூட்ட முடியாது. லாப்டாப் என்று அவள் சொன்னதுமே எடுத்து வைத்துவிட்டான் போல, எத்தனை ஜிபி வேண்டும் என்று விசாரிக்கவில்லை. சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அவமானப்படட்டும் என்றுதான். வாசல் வரை வந்து வழியனுப்பினான் அந்தப் பாவி: "ஒம்பதை வித்து முடிங்க அத்தான், வெலை போகாம மிஞ்சுனா நான் எடுத்துக்கிறேன்."

தாம்பாளத்தில் வந்தது

ஞாயிற்றுக்கிழமை மகளின் புது வீட்டுக்குப் பால்காய்ச்சு. நான் என் ஒன்பதாம் ஜென்னை, பதினாறு ஜிபியாகப் பொறுக்கி எடுத்து, மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போனேன். தெருமுனையில் கொட்டுச் சத்தம். முருகேசன் தாய்மாமன் சீரோடு வருகிறான்! பதினோரு தாம்பாளம். பழம், தேங்காய், பட்டுச்சேலை. நடுத் தாம்பாளத்தில், மூடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, பத்தாம் ஜென். தாய்மாமன் சீரை யார் வேண்டாம் என்பது? சபையே கைதட்டியது. நான் மஞ்சப்பையைக் காலுக்கடியில் தள்ளினேன்.

பந்தி முடிந்து பொன்மலர் அதைத் திறந்தாள். கம்பெனி அனுப்பிய சோதனையை ஓட்டினாள். மெமரி போதாது என்று வந்தது. பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது, விடிந்தால் திங்கட்கிழமை. நான் எதிர்பார்த்த காட்சிதான், ஆனால் அந்த முகத்தை நான் கணக்கில் வைக்கவில்லை. பையை எடுத்து நீட்டினேன். ஒன்பதில் சோதனை ஒரே ஓட்டத்தில் தேறியது. முருகேசன் பக்கம் திரும்பி, நிமிர்ந்து நின்றேன். அவன் துளிகூட வாடாமல் சபைக்குக் கேட்கச் சொன்னான்: "பாத்தீகளா, அத்தானுக்குப் போட்டி வச்சாத்தான் குடுக்கக் கை நீளும்!"

ஷோகேஸ்

இப்போது பத்தாம் ஜென், சந்தனப் பொட்டோடு, கூடத்து ஷோகேஸில் இருக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைக் கேட்கிறார்கள். "எங்க மாமா சீரு" என்று பொன்மலர் முகம் மலரச் சொல்கிறாள். என் ஒன்பது உள்ளறையில் எட்டு மணி நேரம் பில் பார்க்கிறது. கரண்டு போனாலும் அசைவதில்லை. எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்த சம்பந்தியின் சொந்தக்காரர்கள்கூட அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

போன வாரம் தாங்காமல் கேட்டேவிட்டேன். "ஏந்தாயி, வாரவுகளுக்கு இதையும் ஒரு தடவை கூடத்துல கொண்டாந்து காட்டலாம்ல?" கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "இதக் கொண்டுபோய் அங்க வச்சிட்டா வேலைய யாருப்பா பாக்குறது?"

ஆகவே, இரண்டில் எது என்று தவிக்கிறவர்களே, வேலைக்கு ஒன்பதையும் வயிற்றெரிச்சலுக்குப் பத்தையும் வாங்குங்கள். சொன்னது யாரென்று மட்டும் என் மச்சினன் காதில் போட்டுவிடாதீர்கள்.