திதி தவறிய நாளில் பார்த்த கல்

மாமனார் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் இறந்தபோது என் மனைவியால் ஊருக்குப் போக முடியவில்லை. போனால் விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டு திரும்பி வர முடியாமல் போகலாம் என்று ஆபீஸ் வக்கீல் சொல்லிவிட்டார். சான் ஹோசே அபார்ட்மென்ட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தாள். அதனால் முதல் வருட திதிக்காவது அப்பாவுக்குத் தன் கையால் படையல் போட்டே தீருவது என்று இருந்தாள்.

லீவு போட்டுவிட்டு விடியும் முன்பே சமைத்தாள். பால்கனியில் இலை போட்டாள். காக்கா எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். எதிர் மரத்தில் காக்காய்கள் இருந்தன. ஒன்றுகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"இந்த ஊர் காக்காவுக்கு பீட்சாதான் பழக்கம். கொஞ்சம் சீஸ் தூவிப் பாக்கட்டுமா?"

"நீ உள்ள போ."

டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு, அவள் வேலையை வைத்து டிபெண்டன்ட் விசாவில் வந்து சும்மா இருக்கிறவன் நான். வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

வெயில் ஏறும் நேரத்தில் ஊரிலிருந்து அத்தை, அவளுடைய அம்மா, போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, ஐயர்கிட்ட இப்பதான் கேட்டேன். உங்க ஊருக்கு திதி நேத்தே வந்துட்டுப் போயிடுச்சாம். நீ நம்ம ஊர் காலண்டரப் பாத்துட்டியா?"

கிச்சனில் தொங்கியது சென்னையிலிருந்து வந்த தினசரி காலண்டர்தான். அவள் அழவில்லை. மிச்சமிருந்த வடைகளை டிபன் பாக்ஸில் அடைத்துவிட்டு சோபாவில் சாய்ந்தாள். சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்த முகத்தோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. லைப்ரரியில் எடுத்த மியூசியம் பாஸ் அன்றோடு முடிகிறது என்று சொல்லி, டிபன் பாக்ஸோடு அவளைக் கிளப்பினேன்.

எகிப்து அறையில் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் ஒரு கல் பலகை கிடந்தது. நடுவில் ரொட்டி, வாத்து, ஜாடி எல்லாம் செதுக்கியிருந்தார்கள். தண்ணீர் ஊற்றினால் ஓடுவதற்கு ஒரு வாய்க்கால். ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாகப் பட எழுத்து.

"அந்தக் காலத்து மெனு கார்டா?" என்றேன்.

பக்கத்திலிருந்த இங்கிலீஷ் குறிப்பை அவள் படித்துச் சொன்னாள். "கல்லறைக்குள்ள வைக்கிறதாம். செத்தவங்களுக்கு டெய்லி யாரும் சாப்பாடு கொண்டுவர முடியாதுல்ல? அதான் சாப்பாட்டையே செதுக்கிடுவாங்க. அந்தப் பக்கம் போற யாராவது இந்த எழுத்த வாய்விட்டுச் சொன்னாலே அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துடுமாம்."

"என்ன எழுதியிருக்கு?"

"ஆயிரம் ரொட்டி, ஆயிரம் ஜாடி பீர்."

"மாமா எகிப்துலயே பொறந்திருக்கலாம்."

"வாய மூடு."

"சரி, இத எந்த திதியில சொல்லணும்னு போட்டிருக்கா?"

கிண்டலுக்குத்தான் கேட்டேன். அவள் குனிந்து குறிப்பை முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

"ஒண்ணும் போடல," என்றாள். "எப்ப வேணா சொல்லலாம் போல."

கல்லின் பக்கம் திரும்பினாள். பிறகு, ஆர்டர் கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "சாதம். கத்திரிக்கா புளிக்குழம்பு. வாழக்கா வறுவல். பாயசம்."

மூலையில் நின்ற செக்யூரிட்டி எங்களைப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் நான் நாலடி தள்ளிப்போய், இவள் யாரென்றே தெரியாத மாதிரி நின்றிருப்பேன்.

"வடைய விட்டுட்ட," என்றேன்.

"உளுந்து வடை," என்றாள். பிறகு குரலைத் தணித்து, "மைசூர்பாக். அம்மாகிட்ட சொல்லிடாத."

மாமாவுக்கு சுகர் இருந்தது. கடைசி வருடங்களில் அத்தை மைசூர்பாக்கை அவர் கண்ணில்கூடக் காட்டியதில்லை.

பார்க்கிங்கில் காருக்குள் ஏறியதும் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"பசிக்குது," என்றாள்.

டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தேன். வடை கல் மாதிரி ஆகியிருந்தது. அதிலேயே எழுத்து செதுக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஒன்றைப் பிய்த்துப் பாதியை என் வாயில் திணித்துவிட்டாள்.