பூஜ்யம் போட்ட பில்கள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைத் தெருவே 'திருகண்ணன்' என்றுதான் கூப்பிடும். கண்ணாடி விற்பது பேருக்குத்தான். யார் கண்ணாடி தளர்ந்தாலும் திருகு முடுக்கிக் கொடுப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை. அதற்குக் காசு வாங்க மாட்டார். சரி, தொலையட்டும். அதற்கும் பில் போடுவாரே, அதைப் பார்த்தால்தான் அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சும்மா செய்யற வேலைக்கு எதுக்குங்க பில்லு?"

"வரி ஆபீஸ் கூட்டத்துல சொன்னாங்களே. எந்த வேலை செஞ்சாலும் பில் போடணுமாம்."

பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவள் தலையிலடித்துக்கொள்வாள்.

ஒருநாள் வரி அதிகாரியே கடைக்கு வந்துவிட்டார். பில் நகல்களை மேசையில் குவித்துப் புரட்டினார். முக்கால்வாசி பூஜ்யம்.

"யார் காதுல பூ சுத்தறீங்க? காசை வாங்கிப் பையில போட்டுட்டு பூஜ்யம்னு எழுதியிருக்கீங்க. கடைக்கு சீல் வைக்க வேண்டியிருக்கும்."

கல்லாப்பக்கம் நின்ற மனைவி பதறினாள். இந்தக் கடை போனால் வேறு பிழைப்பு ஏது? வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன் என்று புருஷனைப் பார்த்தாள். அவரோ அதிகாரியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். குனியும்போதெல்லாம் அங்கே கண்ணாடி சரிந்தது.

"சார், அதைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

அட, இந்த மனுஷனுக்கு நேரங்காலமே கிடையாதா! அதிகாரி எரிச்சலோடு கழற்றி நீட்டினார். கடைக்காரர் திருகை முடுக்கினார், துடைத்துக் கொடுத்தார். கை தன்பாட்டுக்கு பில் புத்தகத்துக்குப் போனது. எழுதிக் கிழித்து நீட்டினார்.

அதிகாரி வாசித்தார். திருகு முடுக்கியது, பூஜ்யம்.

மேசையில் குவிந்திருந்த பூஜ்யங்களை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "காசு வாங்காத வேலைக்கு பில் போடச் சொல்லி யாரும் கேக்கலைங்க," என்றார் தணிந்த குரலில். சீல் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. தன் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்குத்தான் அவள் அந்தக் குவியலை உட்கார்ந்து பார்த்தாள். தையல்காரம்மா, பூஜ்யம். லாரி டிரைவர், பூஜ்யம். வாத்தியார், அவர் மாமியார், பூஜ்யம், பூஜ்யம். அம்மாடியோ, இத்தனை பேரா! இந்த ஊரில் பாதிக்கு இவர் கையால்தானா கண் தெரிகிறது? மலைத்துப் போனாள். இந்த ஆளோடா இத்தனை வருஷம் மல்லுக்கு நின்றோம்?

மறுநாள் தபால்காரர் தளர்ந்த கண்ணாடியோடு வந்தார். முடுக்கிக் கொடுத்த கடைக்காரர், பில் புத்தகத்துக்குப் போன கையை இழுத்துக்கொண்டார்.

"இனிமே வேண்டாமாமே."

மனைவி புத்தகத்தை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"எழுதுங்க. சட்டம் கேக்காட்டிப் போகட்டும், நான் கேக்கறேன்."