மூன்று வருடப் படிப்பும் ஒரு வலது காலும்

பாரிஸின் லா சப்பேலில் தர்மிளாவை எல்லோருக்கும் தெரியும். அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதுதான் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பிரெஞ்சில் பொடோலோக். தமிழில் பாத மருத்துவர் என்று தன் அட்டையில் அச்சடித்துப் பார்த்தாள். ரூ காய் தெருவில் மரக்கறி வாங்க வருகிறவர்களிடம் அது 'நகம் வெட்டுற பிள்ளை' என்று சுருங்கிவிட்டது. தாய் சிவனேஸ்வரி மட்டும் கல்யாண வீடுகளில் 'டொக்டர்' என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் பந்திப் பக்கம் நகர்ந்துவிடுவார்.

மூன்று வருடப் படிப்பு, அரசாங்க டிப்ளோம், அதன்பின் ஆன்ஜெலிக் என்ற பிரெஞ்சுக்காரியின் பாத மருத்துவ நிலையத்தில் நான்கு வருட வேலை. செப்டம்பர் மாதத்தின் அந்த வெள்ளிக்கிழமை தர்மிளா ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. நீரிழிவுக்காரரின் பாதம் பற்றிய ஒரு வருடச் சிறப்புப் பயிற்சியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று அனுப்ப வேண்டும். அதே நேரம் ஆன்ஜெலிக் பாரிஸை விட்டுப் போகிறாள். நிலையத்தைத் தர்மிளா இப்போதே பொறுப்பெடுத்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஒருவருக்கு. பயிற்சிக்குப் போனால் வாரத்தில் பாதி ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது.

காலையில் தாயோடு இதைப் பேசிப் பார்த்தாள்.

"இந்த ஒரு வருசமும் படிச்சா டொக்டர் எண்டு சொல்லலாமோ?"

"இல்லை அம்மா. பொடோலோக்தான்."

"இப்ப என்ன?"

"பொடோலோக்."

"அப்ப என்ன விசருக்குப் படிக்கிறாய்?"

ஆன்ஜெலிக்கும் வேறு பாஷையில் அதையேதான் சொன்னாள்: "முப்பது வருடம் எனக்குக் கால்கள்தான் பாடம் சொல்லித்தந்தன. உனக்கும் சொல்லித்தரும்." தர்மிளா கைத்தொலைபேசியில் 'இல்லை' என்று எழுதி வைத்தாள். கடைசி நோயாளி போனதும் அனுப்புவதாக முடிவு.

மூன்று மணிக்கு இராஜதுரை வந்தார். ரெஸ்டோரன்ட் ஒன்றில் சட்டி கழுவுகிறவர், பதினாறு வருடமாக நீரிழிவு, அவர் சொல்லில் சீனி வருத்தம். ரான்தேவு, முன்பதிவு எதுவும் இல்லை. சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றவில்லை.

"நகத்தை மட்டும் பார் பிள்ளை. மற்றதைப் பாக்காதை."

"காலுறைக்கு மேலாலை எப்படி அங்கிள் நகம் வெட்டுறது?"

"அறையிலை கூட இருக்கிறவங்கள் கால் மணக்குது எண்டு கலைச்சுப்போட்டாங்கள். அதுதான் வந்தனான். நோ ஒண்டும் இல்லை."

காலுறை பாதத்தோடு ஒட்டியிருந்தது. மருந்துத் தண்ணீர் விட்டு நனைத்துக் கழற்றினாள். வலது உள்ளங்காலில், சின்ன விரலுக்குக் கீழே, கறுத்த வாயோடு ஒரு துளை. சுற்றிலும் சிவப்பு. தொட்டால் சூடு.

"எப்ப வந்தது?"

"என்ன வந்தது?"

கண்ணாடியைக் காலடியில் பிடித்துக் காட்டினாள். இராஜதுரை யாரோ வேற்று ஆளின் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"போன ஞாயிறு பிள்ளையார் தேருக்குப் பின்னாலை வெறுங்காலோடை போனனான். ரூ பஜோலிலை உடைச்ச தேங்காய் மலை மாதிரிக் கிடந்தது. கூட்டிறவங்கள் வாறதுக்கு முந்தி, வடத்துக்குக் கிட்ட ஓடினனான்."

ஐந்து நாள். ஐந்து நாளும் அந்தக் காலில் நின்றுதான் சட்டி கழுவியிருக்கிறார்.

மொட்டை முனைக் கம்பியை எடுத்துத் துளைக்குள் மெதுவாக விட்டாள். கம்பி கடினமான ஒன்றில் தட்டி நின்றது. தேங்காய்ச் சிரட்டையா, எலும்பா? அவள் கை அப்படியே நின்றது. எலும்பென்றால் கிருமி எலும்புவரை போய்விட்டது என்று புத்தகத்தில் படித்திருந்தாள். சிரட்டை தட்டினால் எப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஆன்ஜெலிக் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். சாமணத்தை நீட்டினாள்.

"இழு. சிராய்தானே."

பிரெஞ்சு விளங்காவிட்டாலும் சாமணம் இராஜதுரைக்கு விளங்கியது. "இழு பிள்ளை. எனக்கு நோகாது."

"நோகாததுதான் அங்கிள் பிரச்சினை."

சாமணத்தை அவள் வாங்கவில்லை. "ஆஸ்பத்திரி உர்ஜான்ஸுக்குப் போவம், அவசரப் பிரிவுக்கு. இப்பவே."

இராஜதுரை காலை இழுத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கோ? மார்க்கண்டண்ணைக்கு விரலிலை வெட்டத் தொடங்கினது, முழங்காலிலைதான் முடிஞ்சது. நான் வரமாட்டன். ஆறு மணிக்குச் சட்டியடியிலை நிக்கோணும்."

கெஞ்சினாள், வெருட்டினாள். அவர் சப்பாத்தைத் தேடிக் கட்டிலுக்குக் கீழே குனிந்தார். தர்மிளா மேசையிலிருந்த நீலப் பேனையை எடுத்துச் சிவப்பின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு கீறினாள்.

"சரி. இந்தக் கோட்டுக்குள்ளை நிண்டா நீங்கள் வேலைக்குப் போங்கோ. தாண்டினா என்னோடை வாறியள். பிள்ளையாருக்குப் பொதுவாய்ச் சத்தியம் பண்ணுங்கோ."

பிள்ளையாரை இழுத்தபின் மனுசன் மறுக்கவில்லை.

இருவரும் ஒரு பாதத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றரை மணி. எவ்வளவு நேரம் பார்ப்பது? கால் மணியா, ஒரு மணியா? கோடு கீற வேண்டும் என்று தெரியும். கீறியபின் காத்திருக்கலாமா என்று தெரியாது. அதைக் கேட்க அறையில் ஆளுமில்லை. ஆன்ஜெலிக் பக்கத்து அறையில் ஒரு கிழவரின் ஆணிக்காலைச் சீவிக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்குச் சிவப்பு கோட்டைத் தொட்டது. நான்கு பத்துக்குத் தாண்டியது.

"பேனை ஊறினதாக்கும்" என்றார் இராஜதுரை. குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை.

"பேனை ஊறினா நீலமாயல்லோ ஊறும் அங்கிள்."

அவர் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். அந்தக் காலைப் பார்த்த மருத்துவர் தலை நரைத்த, அவசரப்படாத பெண். துளையையும் நீலக் கோட்டையும் பார்த்தார். தர்மிளாவைப் பார்த்தார்.

"இழுக்க முயன்றீர்களா?"

"இல்லை."

"நல்லது. கோட்டைக் கீறிவிட்டு எவ்வளவு நேரம் இருந்தீர்கள்?"

"நாற்பது நிமிடம்."

"பத்துக்கூட இருந்திருக்கக் கூடாது" என்று கோபமில்லாமல் சொல்லிவிட்டு, சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

நான்கு ஐம்பத்திரண்டு. தள்ளுகட்டிலிலிருந்து இராஜதுரை கேட்டார்: "பிள்ளை, நீ இன்னும் கூடப் படிச்சிருந்தா அங்கையே இழுத்திருப்பியோ?"

"இல்லை அங்கிள். அப்பவும் இழுத்திருக்கமாட்டன். ஆனா ஏன் எண்டு தெரிஞ்சு விட்டிருப்பன். இண்டைக்குப் பயத்திலை விட்டனான்."

"எப்படி விட்டாலும் கால் ஒண்டுதானே."

அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தர்மிளா நடைபாதையில் நின்று எழுதிவைத்த 'இல்லை'யை அழித்தாள். 'ஆம்' என்று அனுப்பியபோது ஐந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது. பிறகு ஆன்ஜெலிக்கை அழைத்தாள்.

"சரியாகத்தானே செய்தாய்!" என்று ஆன்ஜெலிக் கத்தினாள். "அதற்கு அந்தப் பயிற்சியா தேவைப்பட்டது?"

"நாற்பது நிமிடம் சும்மா இருந்தேன்."

"அவர் வரமாட்டேன் என்றார்!"

"என்ன சொன்னால் வருவார் என்று எனக்குத் தெரியவில்லையே."

"நிலையத்தை எடுக்க அந்த மற்றவருக்கு இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்" என்றாள் ஆன்ஜெலிக்.

துளைக்குள் இருந்தது சிரட்டைதான். அதன் கூர், எலும்பில் குத்தி நின்றது. இராஜதுரைக்குச் சின்ன விரல் போனது, கால் நிலைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் விரல் போனதென்று புறநகர் எபினே வரைக்கும் சொல்லித் திரிகிறார். பத்து நிமிடத்தில் கொண்டுபோயிருந்தால் அந்த விரல் தப்பியிருக்குமா என்று பயிற்சியின் முதல் நாளே தர்மிளா கேட்டாள். எக்ஸ்ரே படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பேராசிரியர், சொல்ல முடியாது என்றார்.