ஜாடியைச் சுண்டிப் பார்த்தவள்

பல்லடம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த கல்லூரிப் பெண், வாய் மட்டும் தெரிய பனியன் துணியில் சுற்றிய ஒரு மண்ஜாடியை மடியில் வைத்திருந்தாள். மெலிந்த விரல்கள், நகக்கண்ணில் களிமண். பஸ் குலுங்கும்போதெல்லாம் விளிம்பைச் சுண்டி, விரிசல் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள். கிரீஸ் நாட்டில் சில மாதம் பழங்கால ஜாடிகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, அதே பாணியில் அவளே செய்ததாம்.

துணியை விலக்கிக் காட்டினாள். அந்த ஊர் ஜாடிகளில் போர்வீரர்கள் இருப்பார்களாம். இதில் ஒரு சாயப்பட்டறை, சாயக்கழிவை ஆற்றில் கொட்டும் அதன் குழாய். அருகில் ஒருவர் முகத்தைப் பக்கவாட்டில் காட்டி நின்றார். அவர் கண் மட்டும் நேராக நம்மைப் பார்த்தது.

"எங்கப்பாங்க. பட்டறை அவருதுங்க. இன்னும் இதப் பாக்கலீங்க."

"ஊடு போற வரைக்கும் உடையாது, கண்ணு."

"அதுக்கப்புறந்தானுங்க பயமே."

துணியை மறுபடி சுற்றிக்கொண்டு வீரபாண்டியில் இறங்கினாள். ஜாடியில் பார்த்த அதே மூக்கோடு ஒருவர் காத்திருந்தார். சிரித்தபடி ஜாடியை வாங்கியவர், அவளைப் போலவே விளிம்பைச் சுண்டிக் கேட்டார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் துணியை அவிழ்க்கத் தொடங்கினார்.

பஸ் நகர்ந்தது. அவள் முகம் அப்பா பக்கமே இருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.