தாளாளர் முகத்துக்காகக் காத்திருந்த பக்கம்

திண்டிவனத்தில் வெப்சைட் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றுக்குத் தளம் செய்து கொடுத்தோம். எங்கள் முதலாளிக்கு வெப்சைட் என்றால் கல்யாண மண்டப வாசல். பூ உதிர வேண்டும், தாளாளர் சிரித்துக்கொண்டே மிதந்து வர வேண்டும். இந்தக் கூத்துக்குப் பதினோரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கோப்புகள். எல்லாவற்றையும் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே திணித்திருந்ததால், அவை இறங்கி முடியும்வரை திரை வெறும் வெள்ளையாகவே கிடந்தது.

பரீட்சைக்கு முதல் நாள் மரக்காணத்திலிருந்து ஒரு மாணவி, கல்லூரி ஆபீசில் எங்கள் நம்பரை வாங்கிப் போன் செய்தாள். "ஹால் டிக்கெட் எடுக்கணும் சார். காலையிலேர்ந்து பாத்துக்கினே இருக்கேன், ஒண்ணுமே வர்ல."

முதலாளியிடம் சொன்னேன். "அவங்க நெட்டு ஸ்லோ. அதுக்கு நாம இன்னா பண்றது?" என்றார்.

அவரைக் கேட்காமலே ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் 'டிஃபர்' என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தேன். இனி பக்கம் முதலில் வரும், ஸ்கிரிப்டுகள் பிறகுதான் ஓடும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே கூப்பிட்டு, "வந்துடுச்சு சார்" என்றாள்.

மாலையில் தாளாளர் முதலாளிக்குப் போன் செய்தார். ஹால் டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன் படம் தாமதமாக வருகிறதாம்.

"இப்பவே மாத்திடறோங்க" என்று குழைந்த முதலாளி, என்னைப் பார்த்து முறைத்தார். நான் எதையும் மாற்றவில்லை. மாற்றிவிட்டதாக மட்டும் சொன்னேன். முதலாளி தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். கோப்புகள் அதில் முன்பே இறங்கியிருந்ததால் படம் உடனே வந்தது.

"பாத்தியா, நான் சொன்னப்புறம் எவ்ளோ ஜல்தியா வருது!" என்றார்.