லைனோரத்து சைக்கிள் ஷாப்பு

ரப்பர் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மண்ணெண்ணெயும் பசையும் சேர்ந்து புளித்தது போன்ற அந்த நெடி, தெருமுனை சைக்கிள் கடையைத் தாண்டும்போதெல்லாம் வந்து அடிக்கிறது. கூட வருகிறவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு நடக்க, நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறேன். வயதானால் மனசு கனிந்துவிடும் என்று சொல்கிறார்கள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் ஒன்றும் கனியவில்லை.

இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. தங்கச் சுரங்க வேலைக்காக வடஆற்காட்டிலிருந்து வந்த எங்கள் சனங்கள், மாரிகுப்பத்தில் மூங்கில் தட்டிக் குடிசைகள் வரிசையாக நின்ற 'லைன்'களில் குடியிருந்தார்கள். சைக்கிள் முதலில் துரைமார் மட்டும் ஏறுகிற பொருளாக இருந்தது. பிறகு ஆபீஸ் குமாஸ்தாக்கள் ஏறினார்கள். அவர்களுக்காகவே பஜாரில் வேதாசலம் என்பவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். 'அவர்' என்று நான் எழுதுவது அச்சில் வருகிறதே என்பதற்காகத்தான். எங்கள் வீட்டில் அந்த ஆளுக்கு 'ர்' போட்டு யாரும் பேசியதில்லை. லைன் ஆட்களுக்கு அங்கே வண்டி கிடையாது. ஒருமுறை என் தகப்பனார் முனிசாமி போய்க் கேட்டதற்கு, கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே பதில் வந்ததாம்: "ஒங்காளுங்க ஒக்காந்த சீட்டுல நாளைக்கு குமாஸ்தா ஐயா எப்படிப்பா ஒக்காருவாரு? நீயே சொல்லு."

நைனா, அப்படித்தான் அப்பாவைக் கூப்பிடுவோம், வந்த வழியே திரும்பி நடந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. பத்து வருஷத்துக்கு மேல் பூமிக்கடியில் பாறையில் துளை போட்டவர். ஒரு வெடி முந்திக்கொண்டு வெடித்து இடதுகையில் இரண்டு விரலைக் கொண்டுபோன பிறகு, ஒரு இன்ஜினீயர் துரையின் பங்களாவில் எடுபிடி வேலைக்குப் போனார். அங்கே துரையின் சைக்கிளைத் துடைத்துத் துடைத்தே அதைக் கழற்றவும் மாட்டவும் பழகிக்கொண்டார். துரை சீமைக்குத் திரும்பும்போது அந்தப் பழைய வண்டியை நைனாவிடமே விட்டுவிட்டுப் போக, பங்களா சாமான் ஏலத்தில் இன்னும் இரண்டு ஓட்டை வண்டிகளை எடுத்துச் சீர்செய்து, எங்கள் லைன் முடிகிற இடத்தில், தங்கம் பிரித்தெடுத்த கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்கு எதிரே, தகரக் கொட்டகை ஒன்று போட்டார். 'சைக்கிள் ஷாப்பு' என்று சனங்கள் பேர் வைத்தார்கள். யார் வந்தாலும் வண்டி உண்டு, யார் எந்தத் தெரு என்ற கேள்வி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடம் திருவிழாவாக இருக்கும். ராத்திரி ஷிஃப்டு பார்த்த கண்ணோடு எங்கள் ஆட்கள் ஓட்டப் பழக வந்து, பின்னால் நாலு பேர் பிடித்துக்கொண்டு ஓட, மண்மேட்டுச் சரிவில் விழுந்து புரண்டு எழுந்திருப்பார்கள். பேத்தமங்களாவில் பெண் எடுத்திருந்த ஒருவர், மாமனார் வீட்டுக்குப் போனால் சைக்கிளில்தான் போவேன் என்று சபதம் போட்டுக் கற்றுக்கொண்டு, ஏரிக்கரைச் சேற்றில் வண்டியோடு விழுந்து, மாமனாரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். அவரே அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றார். எங்கள் ஆட்கள் தரையை விட்டு ஒரு முழம் உயரத்தில் உட்கார்ந்து, கால் மண்ணில் படாமல் பஜார் வழியாகப் போவதைப் பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்றுதான் எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வேதாசலம் சண்டைக்கு வரவில்லை; வந்திருந்தால் அம்மா ஒரு கை பார்த்திருப்பாள். கடைக்கு வருகிறவர்களிடம், யாரைப் பற்றியும் சொல்லாததுபோல, ஒரே ஒரு பேச்சை விட்டுவைத்தார். "சைக்கிள் பைப்பு உள்ள வெறும் காலிதான? அதுல இன்னா போவுது வருதுன்னு யாரு கண்டா?" எங்கள் ஊரில் ஒருவனை ஒழிப்பதற்கு இதற்குமேல் பேசத் தேவையில்லை. தங்கம் ஒரு குன்றிமணி அளவு கையில் இருந்தாலும் ஜெயில். ஷிஃப்டு முடிந்து மேலே வருகிற ஒவ்வொருவரும் காக்கிச் சட்டைக் காவல்காரன் முன்னால் நின்று, கேட்கும் முன்பே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, வாயை அகலத் திறந்து, நாக்கை மடித்துக் காட்ட வேண்டும். கேட்டதும் செய்தால் தாமதம், தாமதித்தால் சந்தேகம். ஆகவே காக்கியைப் பார்த்ததும் கை தானாக மேலே போய்விடும்படி எல்லாரும் பழகியிருந்தார்கள்.

ஒரு மத்தியானம், அம்மாவும் நானும் நைனாவுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போயிருந்தோம். காவல்படைக்குப் புதிதாக வந்திருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், காற்றிறங்கிய தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு, நம் ஊர்க் காவல்காரன் ஒருவன் பின்தொடரக் கொட்டகைக்குள் வந்தார். பஞ்சர் ஒட்ட வந்தவர், அவ்வளவுதான். குனிந்து ஒரு சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்த நைனா நிமிர்ந்தார், காக்கியைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்பானர் விழுந்தது. இரண்டு கையும் மேலே போயின. வாய் திறந்தது, நாக்கு மடிந்தது. சுரங்கத்தை விட்டு வந்து வருஷக்கணக்கான பிறகு, தன் சொந்தக் கடையில், பஞ்சர் ஒட்ட வந்தவன் முன்னால் என் தகப்பனார் அப்படி நின்றார்.

அதிகாரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அதோடு போயிருக்கும். ஆனால் வேதாசலம் கடை வாசலில் வெற்றிலை போடும் பழக்கமுள்ள அந்தக் காவல்காரன், "தப்புப் பண்ணாதவன் எதுக்குடா கையத் தூக்குறான்?" என்று கேட்டுவிட்டு, அதிகாரியின் காதருகே போய், சைக்கிளின் குழாயைத் தட்டித் தட்டிக் காட்டினான். சிரிப்பு போய்விட்டது. நைனாவின் இரும்பு ரம்பத்தையே எடுத்து மூன்று வண்டிகளையும் அறுத்தார்கள். மேல் குழாய், கீழ்க் குழாய், சீட்டுக்கடியில் நிற்கும் குழாய் எதையும் விடவில்லை. துண்டுகளைக் கவிழ்த்துத் தட்டினார்கள். கொஞ்சம் துரு கொட்டியது.

நைனா கையை இறக்கவேயில்லை. அம்மாதான் கூழ்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய், "எறக்குய்யா, போதும்" என்று அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள். பிறகு காவல்காரன் பக்கம் திரும்பினாள். "உள்ள இன்னா இருந்துச்சு? சொல்லிட்டுப் போ."

"ஒன்னுமில்ல."

"அதத்தான் பஜார்ல போய் சொல்லணும். சொல்லுவியா?"

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். அதிகாரி தன் சைக்கிளைச் சுட்டிக்காட்டினார். நைனா உட்கார்ந்து, ட்யூபை உருவி, சொல்யூஷன் தடவி, பஞ்சரை ஒட்டிக் கொடுத்தார். அறுத்த அந்த அதிகாரியைவிட, அவனுக்கு ஒட்டிக் கொடுத்த நைனாவின் மேல்தான் அன்றைக்கு எனக்கு ஆத்திரம் அதிகம். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இப்போது தெரிகிறது. தெரிந்தும் அது ஆறவில்லை.

காவல்காரன் பஜாரில் எதையும் சொல்லவில்லை. 'லைன் ஆள் கடையைச் சோதனை போட்டார்கள்' என்பது மட்டும் ஊரெல்லாம் பரவியது, சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை என்பது எங்கள் லைனைத் தாண்டவில்லை. கொல்லுப்பட்டறைக்காரர் குழாய்களை இணைத்துப் பார்த்தார். ஆள் ஏறியதும் வண்டி நடுவில் மடங்கியது. இரண்டு விரல் இல்லாத மனிதரைக் கல்வண்டி தள்ளுவதற்கு மறுபடி பூமிக்கடியில் இறக்கினார்கள்.

இனிமேல்தான் வேதாசலத்தின் சாமர்த்தியம். எங்கள் கொட்டகை மூடிக் கிடந்த அந்த மாதத்திலேயே, "லைன் ஆளுங்களும் வரலாம்" என்று சொல்லியனுப்பினார். எங்கள் ஆட்கள் உட்கார்ந்தால் கெட்டுப்போகும் சீட்டு, வேறு கடை இல்லை என்றானதும் எப்படிச் சுத்தமானது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததோடு, போய் வரிசையிலும் நின்றார்கள். மாமனார் வேட்டிக்காரரும் நின்றார். அம்மா சாகும்வரை அவரோடு பேசவில்லை. வேதாசலம் பேச்சு வந்தால், "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அம்மா சொன்னது பலிக்கவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மாரிகுப்பத்துக்குப் போயிருந்தேன். மூங்கில் தட்டி லைன் போய்விட்டது, துரைமார் போய்விட்டார்கள், எங்கள் கொட்டகை இருந்த இடம் எது என்று எனக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. பஜாரில் இப்போது வேதாசலத்தின் பேரன் கடை நடத்துகிறான். வாசலில் புதுப் பெயிண்ட் அடித்த பலகை. 'தங்க வயலில் எல்லாச் சனங்களுக்கும் முதன்முதலில் சைக்கிள் வாடகைக்குக் கொடுத்த கடை' என்று எழுதியிருக்கிறது. பையன் மரியாதையானவன், என்னை உட்காரச் சொல்லி, "எங்க தாத்தா ஜாதி பாக்காத மனுசன்ங்க" என்று பெருமையாகச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லிவைத்தது அப்படி.

நான் உட்காரவில்லை. முதன்முதலில் கொடுத்தவர் பேர் முனிசாமி என்று அவனிடம் சொன்னேன். யார் அது என்று கேட்டான்.