மாசக்காவின் முத்து

“எந்த மாசம்?” என்று மாசக்கா கேட்டதும், கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நின்ற பெண்மணிக்குப் பல்வலி மறந்து கோபம் வந்துவிட்டது.

“நான் கொஞ்சம் குண்டு, அவ்வளவுதான். மாசமால்லாம் இல்ல.”

“ஐயோ, பிறந்த மாசத்தக் கேட்டேங்க.”

“செப்டம்பர்.”

“நீலக்கல். பொய் பேசத் தெரியாத கல்லு. அதான் உள்ளத உள்ளபடி சொல்லிட்டீங்க. உக்காருங்க, கூப்பிடுறேன்.”

எங்கள் தெருமுனைப் பல் ஆஸ்பத்திரியில் பெயர், வயது, போன் நம்பர் எழுதிக்கொண்டு சீட்டுக் கொடுப்பதுதான் மாசக்காவின் வேலை. பிறந்த மாதம் அவராகச் சேர்த்துக்கொண்ட கேள்வி. அதனால்தான் அவர் எங்களுக்கு மாசக்கா. என்றைக்கோ ஒரு நகைக்கடைக் காலண்டரில் மாதத்துக்கு ஒரு ராசிக்கல்லும் அதன் குணமும் போட்டிருந்தார்களாம். வருடம் முடிந்ததும் காலண்டரைக் கழற்றியவர், அந்தப் பக்கத்தை மட்டும் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். மனித குலத்தைப் பற்றி அதற்குமேல் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை என்பது அவருடைய முடிவு.

ஆஸ்பத்திரியே அந்தக் காகிதத்தின்படிதான் நடக்கிறது. மே மாதத்துக்காரர்கள் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் கடைசியில்தான் உள்ளே போவார்கள். “மரகதம், நம்பிக்கைக்குண்டான கல்லு. எப்படியும் கூப்பிடுவாங்கன்னு நம்பி உக்காந்திருப்பாங்க, பாவம்.” அக்டோபர்காரர்களுக்கு வாசல் பக்கத்து நாற்காலி கிடையாது. “ஓபல். நிறம் மாறிக்கிட்டே இருக்கும். கண்ணு அசந்தா எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க.” நான் நவம்பர், புஷ்பராகம், நட்புக்கான கல். அதனால் வேர்ச் சிகிச்சைக்கு நான் போன நாளெல்லாம், அழுகிற குழந்தைகளைக் கொண்டுவந்து என் மடியில் உட்கார வைத்தார். “நவம்பர் அங்கிள் கதை சொல்லுவாரு” என்று வாக்குறுதி வேறு.

டாக்டர் வயதில் சின்னவர். மாசக்காவை அக்கா என்பார். இவர் அவரை டாக்டர் தம்பி என்பார். டாக்டர் பேசினால் அவருக்கே கேட்காது. ஜூலையில் பிறந்தவர், மாணிக்கம், அதிகாரம் செய்ய வேண்டியவர் ஆயிற்றே என்று நான் ஒருமுறை கேட்டேன். மாசக்கா தலையில் செருகியிருந்த மூக்குக் கண்ணாடியை இறக்கி, என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“மாணிக்கந்தான். இன்னும் பட்டை தீட்டல.”

மாசக்காவோ மார்ச். கடல் நிறத்தில் ஏதோ ஒரு கல், தைரியத்துக்கு. பயந்து பின்வாங்கும் ஆட்களை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளும்போது, “நான் மார்ச்சுங்க, பயம்னா என்னன்னே தெரியாது. என் தைரியத்துல பாதிய எடுத்துக்கிட்டுப் போங்க” என்பார். ஆறடி உயர போலீஸ்காரர் ஒருவரையே அப்படித் தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர், நான் போயிருந்த ஒருநாள், போனை வலது காதுக்கு மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார். டீயைத் தலை சாய்த்துக் குடித்தார். இடது கன்னம் பன் ரொட்டி மாதிரி இருந்தது. டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அக்கா, வாயத் திறங்க.”

“ஒண்ணுமில்ல தம்பி. ஃபேன் காத்து ஒரே பக்கமா அடிச்சிருச்சு.”

டாக்டர் டார்ச்சோடு வெளியே வந்துவிட்டார். கடைவாய்ப் பல், எடுத்தே ஆக வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார். காத்திருந்தவர்கள் எல்லாரும் பத்திரிகைகளைக் கீழே வைத்தார்கள்.

“அக்கா மார்ச்தானே?” என்றார் ஒரு மே மாதத்துக்காரர். நெடுநேரம் காத்திருந்த குரல்.

மாசக்கா மேஜையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டார். நெற்றி வியர்த்திருந்தது. கண்ணாடிக்கு அடியில் இருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்தார்.

“அது வந்து... ஸ்கூல்ல சேக்கறப்ப எங்கப்பா வாய்க்கு வந்த தேதியச் சொல்லிட்டாரு. நெசமா நான் ஜூன்.”

இத்தனை காலம் இவரிடம் பாதித் தைரியம் வாங்கிக்கொண்டு உள்ளே போனவர்களின் கதி என்ன என்ற கவலை எல்லார் முகத்திலும் தெரிந்தது.

“ஜூன்னா முத்து” என்றார் மாசக்கா சின்னக் குரலில். “கண்ணீருக்குண்டான கல்லு. அதனால நான் அழலாம்.” அப்படியே அழவும் செய்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. கல்லைப் பற்றி அவர் வாய் திறந்ததை அன்றுதான் கேட்டேன்.

“முத்து எங்கக்கா இருக்கும்?”

“சிப்பிக்குள்ள.”

“சிப்பி என்ன பண்ணா முத்து வெளிய வரும்?”

மாசக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தார். பதில் தெரிந்ததும் முகம் வாடிவிட்டது. அந்தக் காகிதத்தை மதிக்கிறவர் அதற்கு எதிராக எப்படிப் பேசுவது?

“வாயத் திறக்கணும்.”

“வாங்க.”

எழுந்தவர் என்னிடம் வந்து, “நவம்பர்தானே நீங்க, வாங்க” என்று கையைப் பிடித்தார். பிடியில் என் விரல்கள் வெளுத்துப்போயின. உள்ளே ஊசியைப் பார்த்ததும் அவர் எழுப்பிய சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. வெளியே ஒரு நாற்காலி சரியும் ஓசை கேட்டது. அக்டோபர்காரர் ஒருவர் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. மரத்துப்போன பிறகு எல்லாம் சட்டென்று முடிந்தது. “வந்துருச்சுக்கா” என்று டாக்டர் சொன்னபோதும் மாசக்கா வாயை மூடவில்லை. கண்ணை மட்டும் திறந்து, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதுபோல் அவரைப் பார்த்தார்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவரால் பேச முடியவில்லை. மே மாதத்துக்காரர் எழுந்து தம் நாற்காலியைக் காட்டினார். அன்றும் வந்திருந்த செப்டம்பர் பெண்மணி, “இவ்வளவு சத்தம் நான்கூடப் போட மாட்டேன்” என்று உள்ளதைச் சொன்னார். மாசக்கா இருவருக்கும் கையசைத்துவிட்டுத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

டாக்டர் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்ததை மாசக்கா பிரித்தார். பல்லை எடுத்துத் துடைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதை டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு இடது கை மோதிர விரலின் மேல் அதைப் பதமாக வைத்து, கையை எட்ட நீட்டி, தலையைச் சாய்த்து எடுப்பாக இருக்கிறதா என்று பார்த்தார்.